வீடு கட்ட அனுமதி: டேப் போதுமா, வக்கீல் வேண்டுமா?

அக்கா வீட்டு வரைபடம் திரும்பி வந்தபோது அதில் மூன்று சிவப்பு வட்டங்கள் இருந்தன. நாங்களே வரைந்து, நாங்களே படிவம் நிரப்பி, நாங்களே கொண்டுபோய்க் கொடுத்த விண்ணப்பம் அது. தாளை மேசையில் விரித்துப் போட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "டேய், பேசாம ஒரு வக்கீலைப் பிடிச்சிடலாமா?" என்றாள்.

முதல் வட்டம், தாளின் கீழ்மூலையில் "அளவு 1:100" என்று எழுதியிருந்த இடத்தில். பக்கத்தில் "சரிபார்க்கவும்" என்று ஒரு சொல். இரண்டாவது, வீட்டின் பக்கச் சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே நாங்கள் காட்டியிருந்த 1.6 மீட்டர் இடைவெளியில். மூன்றாவது வட்டம் கிழக்கு எல்லையை ஒட்டி நீளமாக இழுத்திருந்தது. அதன் கீழே: "வழிநடை பாத்தியம் உண்டா? ஆவணத்துடன் விளக்கவும்." நம் நிலத்தின் வழியாக இன்னொருவர் போய்வர இருக்கும் உரிமைதான் இந்த வழிநடை பாத்தியம்.

இந்த மூன்றில் இரண்டை டேப், ஸ்கேல் என்று அளந்தே தீர்த்தோம். மூன்றாவதற்கு வக்கீல் இல்லாமல் முடியவில்லை. அளந்தால் பதில் கிடைக்கிற கேள்வியும், வாதாடினால்தான் பதில் கிடைக்கிற கேள்வியும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பார்க்க இரண்டும் ஒரே சிவப்பு மைதான். எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால், யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அனுமதி எதைக் கேட்கிறது?

வீடு இடிந்து விழுந்து வீட்டுக்காரர் செத்துப்போனால், கட்டியவரைக் கொல்ல வேண்டும் என்றது பாபிலோனின் ஹமுராபி சட்டம். கிட்டத்தட்ட 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய கதை. விழுந்த பிறகுதான் தண்டனை. செத்தவருக்கு அதனால் என்ன பயன்? இன்றைய அனுமதி முறை அதையே முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. கட்டுவதற்கு முன்பே தாளில் பார்த்துவிடுகிறார்கள். 1666-இல் லண்டன் பெருந்தீயில் 13,000 வீடுகளுக்கு மேல் எரிந்துபோயின. அடுத்த ஆண்டே, புது வீடுகளின் வெளிச்சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோதான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சுவரின் தடிமனையும் சட்டமே சொன்னது. ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்க்க சர்வேயர்களையும் நியமித்தார்கள்.

இது பாதுகாப்பு பற்றிய பேச்சு. இன்னொரு வகைக் கட்டுப்பாடு வேறு ஒரு கவலையிலிருந்து வந்தது. நியூயார்க்கில் 1915-இல் ஈக்விடபிள் பில்டிங் என்ற 38 மாடிக் கட்டடம் எழும்பி, சுற்றியிருந்த தெருக்களை நிழலில் தள்ளியது. கட்டடம் உறுதியாகத்தான் நின்றது, இன்றும் நிற்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு வெயிலும் வெளிச்சமும் போயிற்று. 1916-இல் அந்த நகரம், எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம், எவ்வளவு உயரம் போகலாம், மேலே போகப் போக எவ்வளவு உள்ளே ஒதுங்க வேண்டும் என்று மண்டலவாரியாக விதி போட்டது.

ஆக, அனுமதி என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கட்டப்போவது உறுதியாக நிற்குமா, தீப்பிடித்தால் ஆட்கள் தப்ப முடியுமா, கழிவுநீர் போக வழி உண்டா என்பது ஒன்று. இந்த இடத்தில் இதைக் கட்டலாமா என்பது மற்றொன்று. இங்கிலாந்தில் இவை இரண்டும் தனித்தனி அனுமதிகள். ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் கிடைத்துவிட்டது என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. சில ஊர்களில் ஒரே படிவத்தில் இரண்டும் முடிந்துவிடும். அப்போதும் உள்ளே பார்க்கிறவர்கள் இந்த இரண்டு கேள்வியைத்தான் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

முதல் கேள்வியில் வக்கீலுக்கு அநேகமாக வேலையே இல்லை. தூணுக்கு எத்தனை கம்பி என்று சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது என்ஜினீயரின் வேலை. இரண்டாவது கேள்வியிலும் பெரும்பகுதி வெறும் எண்கள்தான்: எல்லையிலிருந்து இவ்வளவு தள்ளி, உயரம் இதற்குள், மனையில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கட்டடம் கூடாது. எண் முடிகிற இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். "சுற்றுப்புறத்தின் தன்மைக்குப் பொருந்துமா", "அண்டை வீட்டாருக்கு நியாயமற்ற இடைஞ்சலா" என்று விதி பேசத் தொடங்கினால் அங்கே டேப் உதவாது.

அனுமதி தேவையா என்பதே முதல் கேள்வி

சின்ன வேலைகளுக்குப் பல இடங்களில் அனுமதியே வேண்டாம். அமெரிக்க ஊர்கள் பலவும் பின்பற்றுகிற சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு என்ற மாதிரி விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. வீட்டை ஒட்டாமல் தனியாக நிற்கும் 200 சதுர அடி வரையிலான ஒற்றைத் தளக் கொட்டகை, 7 அடிக்கு மேல் போகாத வேலி, 4 அடி உயரத்துக்குள் இருக்கும் தடுப்புச்சுவர் எல்லாம் அதில் வரும். ஊருக்கு ஊர் இந்த எண்களைக் கூட்டியும் குறைத்தும் வைத்திருப்பார்கள் என்பதால், உங்கள் ஊர் விதியைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 4 அடியை எங்கிருந்து அளப்பது? தரையிலிருந்து என்றுதான் எவரும் நினைப்பார். விதி சொல்வது அடித்தளத்தின் அடிமட்டத்திலிருந்து. மண்ணுக்கு மேல் மூன்றடி தெரிகிற சுவருக்குக் கீழே ஒன்றரை அடி புதைந்திருந்தால், அது நாலரை அடிச் சுவர், அனுமதி வேண்டும். இப்படி ஒரு சொற்றொடர் கண்ணில் படாமல் போவதால்தான் சொந்தமாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். வக்கீல் இல்லாததால் வந்த வினை என்று இதைச் சொல்ல முடியாது. விதியின் வரையறைப் பக்கத்தைப் படிக்காமல் எண்ணை மட்டும் படித்ததால் வந்தது.

இங்கிலாந்திலும் சில விரிவாக்கங்கள் விண்ணப்பமே இல்லாமல் அனுமதிக்கப்பட்டவை. தனி வீடு என்றால் பின்பக்கம் 4 மீட்டர் வரை, மற்ற வீடுகளுக்கு 3 மீட்டர் வரை ஒற்றைத் தளமாக நீட்டலாம். உயரம் முதலான நிபந்தனைகள் தனி. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு: அனுமதி தேவையில்லாத வேலைக்கும், தேவையில்லைதான் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்கப்போவது அதைத்தான். உங்கள் ஊரில் அப்படிச் சான்றிதழ் இல்லையென்றாலும், கேள்வியை எழுத்தில் கேட்டு பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. கவுன்டரில் "அதெல்லாம் வேண்டாங்க" என்று வாயால் சொன்னவர் அடுத்த மாதம் வேறு பிரிவில் இருப்பார்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். வரைபடத்தில் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை இருக்கிறதா? பிரான்சில் ஒருவர் தனக்காக வீடு கட்டும்போது தளப்பரப்பு 150 சதுர மீட்டரைத் தாண்டினால் ஆர்க்கிடெக்ட் கட்டாயம். ஜெர்மனியில் பொதுவாக அதற்கென்று தகுதி பெற்றவர் கையெழுத்திட்ட படங்களைத்தான் வாங்குவார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாதாரணத் தனிவீட்டுக்கு உரிமையாளரே கொடுக்கலாம். இப்படி விதியே கதவைச் சாத்தியிருந்தால், சொந்தமாகச் செய்வதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நாமே செய்தால்

கேட்கிற தாள்கள் பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான். மனையும் அதில் வீடு உட்காரும் இடமும் காட்டும் சைட் பிளான், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு படம், நான்கு பக்கத் தோற்றம், வீட்டைக் கத்தியால் நறுக்கிப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று காட்டும் செக்‌ஷன், கம்பி-கான்கிரீட் கணக்கு, நிலம் உங்களுடையது என்பதற்கான ஆவணம், படிவம், கட்டணம். கொடுத்த பிறகு சரிபார்ப்பு நடக்கும், குறைகளைக் குறித்துத் திருப்புவார்கள், திருத்திக் கொடுப்பீர்கள், அனுமதி வரும். கட்டும்போது இடையிடையே ஆய்வாளர் வருவார், கடைசியில் முடித்த சான்று.

குறை குறித்துத் திருப்புவது அவமானம் இல்லை. அனுபவமுள்ள ஆர்க்கிடெக்டின் படமும் திரும்பத்தான் செய்கிறது. புதியவருக்கும் அவருக்கும் வித்தியாசம் எத்தனை தடவை திரும்புகிறது என்பதில்தான். ஒவ்வொரு சுற்றும் வாரக்கணக்கில் இழுக்கலாம். கடன் வட்டியும் வாடகையும் அந்த வாரங்களுக்கும் ஓடும். "நாமே செய்தால் ஃபீஸ் மிச்சம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இன்னொரு மீட்டரைப் பார்ப்பதில்லை.

எங்கள் முதல் வட்டத்துக்கு வருகிறேன். 1:100 என்றால் பத்து மீட்டர்ச் சுவர் தாளில் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கணினியில் அப்படித்தான் இருந்தது. சந்தேகத்தில் ஸ்கேலை எடுத்துத் தாளில் வைத்தேன்: ஒன்பதரையைக் கொஞ்சம் தாண்டி நின்றது. அச்சு எடுக்கும்போது "தாளுக்குள் பொருத்து" என்ற பெட்டியில் டிக் இருந்திருக்கிறது. பிரிண்டர் மொத்தப் படத்தையும் நூற்றுக்கு நான்கு பங்கு சுருக்கிவிட்டது. படத்தைச் சரிபார்க்கிறவர் ஸ்கேலை வைத்துத்தான் பார்ப்பார், அவருக்கு எல்லா அறையும் குட்டையாகத் தெரிந்திருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அச்சிட்டோம். அவ்வளவுதான். இதற்குப் போய் வக்கீலைத் தேட இருந்தோம்.

இரண்டாவது வட்டம் கொஞ்சம் ஆழம். விதிப்படி பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடம் 1.5 மீட்டர். நாங்கள் 1.6 காட்டியிருந்தோம். அதை எங்கிருந்து அளந்தோம்? வேலியிலிருந்து. வேலிதான் எல்லை என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது, நம்பிவிட்டோம். நில அளவையரைக் கூப்பிட்டு எல்லைக்கல்லைத் தேடியபோது, புல்லுக்கடியில் வேலியிலிருந்து இருபது சென்டிமீட்டர் உள்ளே கிடைத்தது. அதாவது வேலி பக்கத்து மனைக்குள் போய் நின்றிருக்கிறது, எங்கள் இடைவெளி உண்மையில் 1.4 மீட்டர். சுவரைப் பதினைந்து சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வரைந்தோம். ஒரு அலமாரி போயிற்று. அக்காவுக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

அதே விதியில் இன்னொரு வரியும் இருந்தது: சன்ஷேடும் கூரை நீட்டலும் காலி இடத்துக்குள் எவ்வளவு தூரம் வரலாம் என்று. சில ஊர்களில் சுவரிலிருந்து அளப்பார்கள், சில ஊர்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி முனையிலிருந்து. இதை வரைவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பல அலுவலகங்களில் விண்ணப்பத்துக்கு முன் ஆலோசனை என்று ஒன்று கொடுக்கிறார்கள். பென்சில் படத்தோடு போனாலே போதும். ஆனால் "எங்க வீட்டுக்கு அனுமதி கிடைக்குமா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "இந்த மனைக்கு எந்த மண்டலம்? பக்க இடைவெளி எவ்வளவு, எதிலிருந்து எதுவரை?" என்று கேட்டால் பளிச்சென்று பதில் வரும்.

திருத்தி மறுபடி கொடுக்கும்போது புதுப் படத்தை மட்டும் நீட்டாதீர்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம். இடப்பக்கம் அவர்கள் எழுதிய குறை, அவர்கள் சொற்களிலேயே. நடுவில் நீங்கள் என்ன மாற்றினீர்கள். வலப்பக்கம் எந்தத் தாளில். படத்திலும் மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு வளையம் போட்டு, திருத்த எண்ணும் தேதியும் எழுதிவிட வேண்டும். பார்க்கிறவர் முழுப் படத்தையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தால் புதுக் குறை கண்ணில் படும், மனித இயல்பு. வளையத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போக அவருக்கு வசதி செய்து கொடுத்தால் இருவருக்கும் நல்லது. ஏதாவது குறை புரியவில்லையென்றால், அது எந்த விதி எண்ணின் கீழ் வருகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். எண் கிடைத்தால் படித்து முடித்துவிடலாம். எண்ணே இல்லை, "அப்படித்தான் வழக்கம்" என்று பதில் வந்தால், கேள்வி மெல்ல வக்கீல் பக்கம் நகர்கிறது என்று அர்த்தம்.

அனுமதி கையில் வந்ததும் தளர்ந்துவிடக் கூடாது. அதற்கு ஆயுள் உண்டு. மேலே சொன்ன அமெரிக்க மாதிரி விதியில் 180 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதி. ஆய்வாளர் கம்பியைப் பார்ப்பதற்கு முன்பே கான்கிரீட் கொட்டிவிட்டால், உடைத்துக் காட்டு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கலாம். மேஸ்திரிக்கு அவசரம் இருக்கும். உரிமையாளர் பெயரில் அனுமதி எடுத்திருந்தால் பொறுப்பும் உரிமையாளர் தலையில்தான். அதனால்தான், உரிமம் உள்ளவன் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கான்ட்ராக்டர் "அனுமதியை மட்டும் உங்க பேர்ல எடுத்துடுங்க சார், சீக்கிரம் கிடைக்கும்" என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர் பெயரில் எடுக்க முடியாததற்கு ஏதோ காரணம் இருக்கிறது.

நடுவில் இருப்பவர்கள்

நாமே செய்வது, வக்கீல் வைப்பது என்று இரண்டே வழி இருப்பதாக நினைப்பதுதான் அக்கா செய்த தவறு. நடுவில் ஒரு கூட்டமே இருக்கிறது: படம் வரைபவர், என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், நில அளவையர், நியூயார்க் போன்ற பெருநகரங்களில் விண்ணப்பங்களைத் தாக்கல் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் பிரதிநிதிகள். பெரும்பாலான வீட்டு விண்ணப்பங்களுக்குத் தேவைப்படுவது இவர்களில் ஒருவர்தான். எங்களுக்கு நில அளவையர் செலவிட்ட அரை நாள், நாங்கள் செலவிட்ட மூன்று வாரத்துக்குச் சமம்.

அண்டை வீட்டோடு சேர்ந்திருக்கும் பொதுச்சுவரில் கைவைப்பதுகூட எப்போதும் வழக்காகிவிடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி, சுவர் வேலைக்கு இரண்டு மாதம் முன்னதாகவும், பக்கத்தில் பள்ளம் தோண்ட ஒரு மாதம் முன்னதாகவும் அண்டை வீட்டாருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் சம்மதிக்கவில்லையென்றால் விவகாரம் முதலில் போவது சர்வேயரிடம். நீதிமன்றப் படி ஏறும் முன்பே செங்கல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து முடித்துவைக்கட்டும் என்ற எண்ணம். எனக்குப் பிடித்த ஏற்பாடு.

"எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பவரும் இந்த நடுக்கூட்டத்தில்தான் இருப்பார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விண்ணப்ப எண் உங்கள் கையில் இருக்க வேண்டும், இணையக் கணக்கு உங்கள் தொலைபேசி எண்ணில் இருக்க வேண்டும். அவர் கொடுத்த படத்தின் ஒரு நகலைக் கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

வக்கீல் எப்போது?

முதலாவது, விதி "கூடாது" என்று சொல்கிறது, ஆனால் உங்கள் மனைக்கு அந்த விதி பொருந்தவே பொருந்தாது என்ற நிலை. மனை முக்கோணமாக இருக்கிறது, நாலு பக்கமும் காலி இடம் விட்டால் நடுவில் ஒரு குளியலறைதான் கட்ட முடியும் என்று வையுங்கள். இதற்குத்தான் விதிவிலக்கு கேட்பது. பல நாடுகளில் இதை ஒரு குழு கேட்டு முடிவு செய்கிறது. கஷ்டம் நிலத்தின் இயல்பிலேயே இருக்கிறதா, நீங்களாக வரவழைத்துக்கொண்டதா என்று பார்க்கிறது. பெரிய மனையை நீங்களே துண்டு போட்டு விற்றுவிட்டு, மிச்சத் துண்டு குறுகலாக இருக்கிறதே என்று அழுதால் எடுபடாது. எதைக் கஷ்டம் என்று சட்டம் ஒப்புக்கொள்ளும், அதை எந்த ஆதாரத்தோடு வைக்க வேண்டும் என்பது முழுக்க வாதம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே உதவாது.

இரண்டாவது, அனுமதி அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் கட்டுப்பாடுகள். இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. அனுமதி என்பது அரசுக்கும் உங்களுக்கும் நடுவே நடப்பது. உங்கள் கிரயப் பத்திரத்தில், "இந்த மனையில் ஒரு மாடிக்கு மேல் கட்டக் கூடாது" என்று பழைய உரிமையாளர் ஒரு நிபந்தனை எழுதிவைத்திருந்தால் அது வேறு கணக்கு. அனுமதி கொடுப்பவர் அதைப் பார்க்காமலே முத்திரை குத்தலாம். முத்திரை இருக்கிறது என்று மாடி எழுப்பினால், நிபந்தனையின் பலன் யாருக்கு உண்டோ அவர் நீதிமன்றம் போகலாம். "அனுமதி வாங்கித்தானே கட்டினேன்" என்பது அங்கே பதிலாகாது. வழிநடை பாத்தியம், குழாய் போகும் உரிமை, இன்னும் பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து எல்லாம் இந்த வகைதான்.

மூன்றாவது, நாள் எண்ணப்படுகிற எந்தத் தாளும். மறுப்பு உத்தரவு, வேலையை நிறுத்து என்ற நோட்டீஸ், இடித்துவிடு என்ற நோட்டீஸ். இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் திட்ட அனுமதியை மறுத்தால் மேல்முறையீட்டுக்கு 12 வாரம். எங்கேயானாலும் இப்படி ஒரு கெடு இருக்கும், அது உத்தரவின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கெடு தாண்டினால் உங்கள் பக்க நியாயம் எவ்வளவு கனமானதாக இருந்தாலும் எடுத்துப் பேச மேடை கிடைக்காது. தாளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு "அப்புறம் பார்க்கலாம்" என்று இருப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, நானும் அந்த ஜாதிதான். ஆனால் இந்த ஒரு தாள் விஷயத்தில் அது ஆகாது.

அனுமதி இல்லாமலே கட்டிவிட்டு, காலம் கடந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு இங்கிலாந்தின் ராபர்ட் ஃபிட்லரின் கதையைச் சொல்ல வேண்டும். சர்ரே பகுதியில் தன் பண்ணையில் கோட்டை மாதிரி ஒரு வீட்டைக் கட்டி, வைக்கோல் கட்டுகளை உயரமாக அடுக்கி அதை மறைத்து, குடும்பத்தோடு உள்ளே வாழ்ந்தார். அப்போதைய விதிப்படி, கட்டி முடித்து நான்கு ஆண்டு யாரும் நடவடிக்கை எடுக்காவிட்டால் தப்பிக்கலாம். நான்கு ஆண்டு போனதும் 2006-இல் வைக்கோலை அகற்றினார். வழக்கு வந்தது. வைக்கோல் அடுக்கியதும் அகற்றியதும் கட்டும் வேலையிலேயே சேர்த்தி, எனவே நான்கு ஆண்டு ஓடவே தொடங்கவில்லை என்று 2010-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2016-இல் வீட்டை இடித்தார்கள். விதியில் "நான்கு ஆண்டு" என்ற எண் தெளிவாகத்தான் இருந்தது. கட்டி முடிப்பது என்றால் என்ன என்பதில்தான் வழக்கே. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25-இலோ அதற்குப் பிறகோ முடிந்த வேலைகளுக்கு அந்த நான்கும் பத்தாகிவிட்டது.

வைத்தால் எப்படி வைப்பது?

வக்கீல் என்றதும் முழு விண்ணப்பத்தையும் அவர் தலையில் கட்ட வேண்டும் என்றில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் கருத்துக் கேட்கலாம். ஒரு கடிதத்தை மட்டும் எழுதச் சொல்லலாம், விசாரணை நாளில் மட்டும் வரச் சொல்லலாம். போகும்போது பத்திரம், வரைபடம், அலுவலகத்தின் கடிதங்கள் தேதி வாரியாக, உங்கள் கேள்வி ஒரே பக்கத்தில். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவரிடம் உங்கள் கதையைப் பிறந்ததிலிருந்து சொன்னால் அதற்கும் மீட்டர் ஓடும். மொத்தக் கட்டணமா, மணிக்கா, எதுவரை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நிலப் பயன்பாடும் கட்டட விதியும் தெரிந்தவராக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் வெளுத்து வாங்குகிற வக்கீல் எல்லாருக்கும் செட்பேக் விதி, அதாவது எல்லையிலிருந்து விட வேண்டிய காலி இடத்தைச் சொல்லும் விதி, தெரியும் என்று சொல்ல முடியாது. "இந்த மாதிரி விதிவிலக்கு மனு எத்தனை செய்திருக்கீங்க சார்?" என்று கேட்பதில் தப்பில்லை. வக்கீல் கடிதத்தை எடுத்த எடுப்பில் அனுப்பிவிடவும் வேண்டாம். இதுவரை போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அதிகாரி, வக்கீல் கடிதம் பார்த்த நிமிடத்திலிருந்து எல்லாவற்றையும் எழுத்தில், மேலதிகாரி வழியாகத்தான் சொல்வார். சில சமயம் அதுவே உங்களுக்குத் தேவைப்படலாம். பெரும்பாலும் அது ஒரு மாதத்தைச் சாப்பிடும்.

எங்கள் மூன்றாவது வட்டத்துக்குப் பார்த்த வக்கீல், பேச்சைவிடப் பத்திரத்தைத்தான் அதிகம் படித்தார். அக்காவின் பத்திரத்தில் எதுவும் இல்லை. அதற்கு முந்தைய பத்திரத்தில், அதற்கும் முந்தையதில், கிழக்கு எல்லையை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்துக்குப் பின்மனைக்கு வண்டிப்பாதை என்று ஒரு வரி. அக்கா முகம் வாடிவிட்டது, வீட்டின் ஒரு அறையே அந்தப் பாதையில்தான் நின்றது. "பின்மனைக்காரர் இப்ப எந்த வழியா போறார்?" என்று வக்கீல் கேட்டார். பின்பக்கம் வேறு சாலை வந்து பல வருடம் ஆகிறது, அவர் வாசலே அந்தப் பக்கம்தான். "அதுக்காகப் பாத்தியம் தானா போயிடாதும்மா. அவர்கிட்ட நேர்ல போய்ப் பேசுங்க. சரின்னா விடுதலைப் பத்திரம் நான் எழுதித் தர்றேன், பதிவு பண்ணிடலாம். சரியில்லேன்னா அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அக்காவும் நானும் போனோம். பின்மனைப் பெரியவருக்கு அப்படி ஒரு பாதை தனக்கு இருந்ததே தெரியாது. தெரிந்ததும் இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றார், நியாயம்தான். மூன்றாம் நாள் வரச் சொன்னார். அந்த இரண்டு நாளும் அக்கா சரியாகத் தூங்கவில்லை. கையெழுத்தாகிப் பதிவான பத்திரத்தின் நகலை எங்கள் கடிதத்தோடு சேர்த்து, மூன்றாவது வரிசையில் "இணைப்பு 3 பார்க்கவும்" என்று எழுதினோம். படத்தை அச்சிடும்போது அக்காவே பிரிண்டர் பக்கத்தில் நின்றாள், கையில் ஸ்கேலோடு.